பிள்ளையின் பதிவேடும் விதைநெல்தான்

ஊரைவிட்டு ஓட நேர்ந்த நாளில் நாம் கையில் எடுத்தவை எவை? காணி உறுதி, இருந்த நகை, அடுத்த போகத்துக்கென வைத்திருந்த விதைநெல்லில் ஒரு சாக்கு. பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையை நினைத்து எடுத்தவர்கள் எத்தனை பேர்?

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அது பாடசாலை ஆண்டின் கடைசிக் காலம். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை. பாடசாலை அலுமாரியைத் தூக்கிக்கொண்டு யார் நடப்பது? முப்பது ஆண்டுகளின் பின், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. வெள்ளத்தாலும் மண்சரிவாலும் மலைநாட்டிலும் பிற மாவட்டங்களிலும் ஏராளமான குடும்பங்கள் வீடிழந்தன. அதுவும் ஆண்டிறுதிதான்.

இப்படி வந்த ஒரு குடும்பம் கிருலப்பனையில் வாடகை அறையொன்றில் தங்கி, பிள்ளையை அருகிலுள்ள பாடசாலையில் சேர்க்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே முதலில் கேட்பது பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். அடுத்தது விடுகைப் பத்திரம். இரண்டும் இல்லையென்றால் தகப்பன் தன் நாட்கூலியை விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். அதற்குள் பிள்ளை ஒரு தவணையை இழந்துவிடலாம்.

அன்று இல்லாத ஒரு வசதி இன்று உண்டு. அநேகமாக ஒவ்வொரு ஆசிரியரிடமும் கமரா உள்ள கையடக்கத் தொலைபேசி இருக்கிறது. ஆண்டு முடியும் வாரத்தில் அதைக்கொண்டு செய்யக்கூடிய சில எளிய வேலைகளைக் கீழே தருகிறோம். வாசித்தபின் உங்கள் பிள்ளையின் ஆசிரியரிடமும் காட்டுங்கள்.

1. இடாப்புகளைப் படம் பிடித்தல்

சேர்விடாப்பு, வரவு இடாப்பு, புள்ளிப் பதிவேடு ஆகியவற்றை அதிபரின் அனுமதியுடன் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கலாம். பதிவேட்டை வாசலருகே நிழலான வெளிச்சத்தில் மேசைமேல் விரித்து வையுங்கள். தொலைபேசியைச் சரிக்காமல் நேர் மேலே பிடியுங்கள். பிளாஷ் வேண்டாம், தாளில் வெள்ளைப் பொட்டு விழுந்து எழுத்து மறைந்துவிடும். எடுத்தவுடன் பெரிதாக்கி, சேர்விலக்கமும் திகதியும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

2. இரண்டு இடத்தில் வைத்தல்

எந்தக் கமக்காரனும் விதைநெல் முழுவதையும் ஒரே சாக்கில் வைப்பதில்லை. படங்கள் தொலைபேசியில் மட்டும் இருந்தால், அது தண்ணீரில் விழுந்த அன்றே எல்லாம் போய்விடும். ஒரு பிரதியை மெமரி கார்டிலோ பென் டிரைவிலோ இட்டு அதிபரிடம் கொடுங்கள். அது பாடசாலையில் அல்லாமல் வேறிடத்தில் இருப்பது நல்லது. வகுப்பையும் ஆண்டையும் பெயராக இட்டால் பிறகு தேடுவது சுலபம்.

3. அவரவர் பிள்ளையின் விபரம் அவரவருக்கே

முழுப் புள்ளிப் பட்டியலையும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது. பின்தங்கிய பிள்ளை ஊரார்முன் தலைகுனிய நேரும். ஒவ்வொரு பெற்றோருக்கும் அவர்களுடைய பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையை மட்டும் தனியாக அனுப்புங்கள். தொலைபேசி இல்லாத தாய்க்குச் சேர்விலக்கம், வகுப்பு, ஆண்டு, பாடசாலையின் பெயர் ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தாலும் போதும்.

ஒன்றை மனத்தில் வையுங்கள். படம் சான்றிதழ் ஆகாது. ஆனால் சேர்விலக்கம் தெரிந்தால் அலுவலகத்தில் பழைய பதிவைத் தேடுவது இலகு. சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் தமது சுட்டெண்ணையும் பரீட்சை ஆண்டையும் குறித்து வைக்க வேண்டும். பெறுபேற்றுச் சான்றிதழின் பிரதிக்குப் பரீட்சைத் திணைக்களத்தில் விண்ணப்பிக்கும்போது அவை உதவும்.

4. விடுமுறைக்குப் பாடநூலும் குரலும்

நம் நாட்டில் 1980 முதல் பாடநூல்கள் இலவசம். வெள்ளத்தில் நூல் போனால் மனம் தளர வேண்டாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அதே நூல்கள் தமிழிலும் உள்ளன. கல்வி அமைச்சின் 'இ-தக்சலாவ' தளத்திலும் பாடங்கள் உண்டு. ஆசிரியர் ஒருவர் பட்டணத்தில் ஒருமுறை இறக்கிக்கொண்டால், புளூடூத் வழியாகத் தொலைபேசிக்குத் தொலைபேசி மாற்றலாம். அதற்கு டேட்டாக் காசு தேவையில்லை.

2021இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது, போஹிட்டியாவ என்ற தூரக் கிராமத்தில் ஆசிரியையும் பிள்ளைகளும் காடு கடந்து பாறையொன்றில் ஏறித்தான் சிக்னல் பெற்றார்கள். ஆகவே பாடம் கனமில்லாமல் இருக்க வேண்டும். ஒரு நிமிட வீடியோ பிடிக்கும் இடத்தில் பல நிமிடக் குரற்பதிவை அடக்கலாம். ஒரு கணக்கை ஐந்து நிமிடத்தில் நிதானமாக விளக்கிக் குரலில் பதிந்து அனுப்புங்கள். இரவில் தாயும் பிள்ளையும் சேர்ந்து கேட்கலாம்.

5. கருவிகளைப் பூட்டி வைக்குமுன்

கடிகாரம், ரிமோட், வானொலி ஆகியவற்றின் பற்றரிகளைக் கழற்றுங்கள். கிடந்தால் கசிந்து கருவியை அரித்துவிடும். கணினியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி விடுங்கள். இடி மின்னலில் தப்பும். மடிக்கணினியை ஏறக்குறைய அரைவாசிச் சார்ஜில் வையுங்கள். பொலித்தீனால் இறுக மூடினால் உள்ளே ஈரம் தங்கும். பருத்தித் துணியே நல்லது. எதையும் நிலத்தில் வைக்காமல், நெல்மூட்டையைப் போல மேடையில் ஏற்றுங்கள்.

6. அசையாத ஓர் இலக்கம்

இடம்பெயர்ந்தவர்களின் தொலைபேசி இலக்கம் அடிக்கடி மாறும். ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு இலக்கங்களை ஆசிரியர் எழுதிக்கொள்ள வேண்டும். ஒன்று பெற்றோருடையது. மற்றது இடம் மாறாத ஓர் உறவினருடையது: பெரியம்மாவோ மாமாவோ யாராகவும் இருக்கலாம். அடுத்த தவணையில் பிள்ளை வராவிட்டால் விசாரிக்க ஒரு வழி இருக்கும்.

இவை யாவும் ஒரு பிற்பகல் வேலை. பெற்றோரே, ஆண்டிறுதியில் ஆசிரியரைச் சந்திக்கும்போது, 'ரீச்சர், என் பிள்ளையின் பக்கத்தைப் படம் எடுத்துத் தாருங்கள்' என்று தயங்காமல் கேளுங்கள். நிலம் திரும்பக் கிடைக்கக் காலம் எடுக்கலாம். பிள்ளை படித்த ஆண்டுகள் அதுவரை பத்திரமாக நம் கையில் இருக்கட்டும்.