கந்தையில் பிறக்கும் கதகதப்பு

பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி போர்த்துவது நம் வீடுகளில் வழக்கமில்லை. பாட்டியின் நைந்த நூற்சேலையோ, தாத்தாவின் பழைய வேட்டியோ கிழிக்கப்பட்டு, துவைத்து வெயிலில் உலர்த்தி, மடித்து ஆயத்தமாக வைக்கப்பட்டிருக்கும். பேரக்குழந்தையைக் காண வெளியூர் புறப்படும் பாட்டிமார்களின் பெட்டியில் இன்றும் அப்படியொரு மூட்டை இருப்பதைக் காணலாம். நூற்றுக்கணக்கான முறை துவைக்கப்பட்டு, கஞ்சியும் முரட்டுத்தன்மையும் நீங்கிய பருத்திக்கு உள்ள மென்மை, எத்தனை விலை கொடுத்து வாங்கும் புதிய துணிக்கும் வாய்ப்பதில்லை.

கங்கைக்கு வடக்கே, பீகார் மாநிலத்தின் முசாபர்பூர் மாவட்டத்தில், இதே அறிவு ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. லிச்சிப் பழத்திற்குப் பெயர்பெற்ற அந்த மாவட்டத்தின் சிற்றூர்களில், பழந்துணிகளை அடுக்கடுக்காக வைத்துக் கையால் தைக்கப்படும் மெல்லிய போர்வைக்குச் 'சுஜனி' என்று பெயர். 'சு' என்பது நலத்தையும் எளிமையையும் குறிக்கும். 'ஜனி' என்பது பிறப்பு. நலமான பிறப்புக்கான துணி என்று பொருள் கொள்ளலாம். அங்கு டிசம்பர், ஜனவரி மாதங்களில் மூடுபனி கவிந்து, பல நாள்கள் சூரியன் தென்படுவதேயில்லை. இரவில் வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். அத்தகைய பருவத்தில் பிறக்கும் சிசுவுக்குத் துணி அடுக்குகளும் அவற்றினிடையே சிறைப்பட்ட காற்றும்தான் முதற்காப்பு.

சுஜனிக்கு வேண்டிய துணி ஒரே சேலையிலிருந்து வருவதில்லை. வெவ்வேறு ஆடைகளின் துண்டுகள் ஒன்றாக இணைய வேண்டும் என்பதே மரபு. அதற்கென ஒரு தெய்வமும் உண்டு. 'சிதிரியா மா' எனப்படும் அந்த அன்னையைக் 'கந்தல்களின் தலைவி' என்று தமிழில் சொல்லலாம். உலகில் சிதறிக் கிடப்பவை யாவும் ஒரு முழுமையின் பகுதிகளே என்னும் நம்பிக்கை அவளுடைய வழிபாட்டில் பொதிந்துள்ளது. தைக்கும் நூலின் நிறத்துக்கும் பொருள் சொல்வார்கள்: சிவப்பு, உயிரோட்டமான குருதி, மஞ்சள், கதிரவன்.

இங்கே சொல்லாராய்ச்சியாக ஒன்று. வங்காளத்தில் இவ்வகைப் போர்வைக்குக் 'காந்தா' என்று பெயர். பழந்துணியைக் குறிக்கும் 'கந்தா' என்ற வடசொல்லே அதன் மூலம். நம் 'கந்தை'யும் அதே வேரிலிருந்து வந்ததுதான். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று நாம் சொன்னோம். வங்கப் பெண்களோ கந்தையின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவியெடுத்து, அந்தக் கந்தையின் மீதே பூவும் மீனும் தைத்தார்கள். இன்னும் பின்னே சென்றால் பௌத்த மரபை எட்டுவோம். துறவியர் கந்தைகளைச் சேர்த்துத் தைத்த ஆடையையே உடுத்தினர். வரப்புகளால் பகுக்கப்பட்ட மகத நாட்டு வயல்களைக் கண்ட புத்தர், துறவாடையையும் அவ்வாறே துண்டுகளை இணைத்துத் தைக்க இயலுமா என்று ஆனந்தரிடம் கேட்டதாக விநய நூல் கூறுகிறது. அந்த மகதம் இன்றைய தென்பீகார்தான்.

சுஜனி தைக்கும் முறை பார்வைக்கு மிக எளியது. மூன்று நான்கு துணிகளைத் தரையில் விரித்து, சுருக்கம் நீக்கி, ஓரங்களில் பெருந்தையல் போட்டு அசையாமல் நிறுத்துவர். பிறகு உருவங்களின் கோடுகள் சங்கிலித் தையலில் அமையும். உருவங்களின் உட்புறம் வண்ண நூலால் நிரப்பப்படும். எஞ்சிய வெற்றிடம் முழுவதும், துணியின் நிறத்திலேயே அமைந்த நூலால், நெருக்கமான ஓட்டுத்தையல் வரிசை வரிசையாகச் செல்லும். கண்ணுக்குப் புலப்படாத இந்தத் தையலே போர்வையின் உயிர். அடுக்குகள் பிரியாமல் காப்பதும், துணிக்கு அந்த மெல்லிய அலைச்சுருக்கத்தைத் தருவதும் அதுவே.

இதில் அடங்கிய உழைப்பை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்போம். வங்கி இதழின் வாசகர்களுக்குக் கணக்கு அன்னியமன்று. ஒன்றரை மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் நீளமும் உள்ள ஒரு போர்வையில் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் தையல் வரிசைகள் ஓடுவதாகக் கொள்வோம். வரிசைகள் 300, தையலின் மொத்த நீளம் 600 மீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு தையல் என்றாலும் 60,000 தையல்கள். நிமிடத்துக்கு 20 தையல் போடும் பழகிய கைக்கு 50 மணி நேரம் பிடிக்கும். நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை, 400 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால், பின்னணித் தையலுக்கு மட்டுமே 2,500 ரூபாய் ஆகிறது. உருவங்கள், வடிவம் வரைதல், துணி, நூல், விற்பனைச் செலவு யாவும் இதற்கு மேல். கண்காட்சியில் ஒரு சுஜனியை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு போர்வைக்கு இவ்வளவா?" என்று கீழே வைப்பவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் ஓட்டிப் பார்ப்பது நன்று.

வீட்டுக்குள் இருந்தவரை இந்தக் கேள்வியே எழவில்லை. அத்தையோ பாட்டியோ பிறக்கப்போகும் குழந்தைக்குத் தைத்துக் கொடுப்பதற்கு விலை ஏது? ஆனால் விலையில்லாத உழைப்புக்கு மதிப்பும் மெல்லக் குறைந்துவிடுகிறது. ஆலைப் போர்வைகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் சுஜனி தைக்கும் பழக்கம் தேய்ந்தது. 1988-ஆம் ஆண்டு, முசாபர்பூர் மாவட்டத்தின் பூசுரா கிராமத்தில் 'மஹிளா விகாஸ் சஹயோக் சமிதி' என்னும் பெண்கள் அமைப்பு உருவானது. பாட்னாவில் இயங்கிய 'அதிதி' தன்னார்வ நிறுவனம் அதற்குத் துணை நின்றது. வீட்டு வாசலைத் தாண்டி வேலைக்குச் செல்ல வழக்கம் இடம்கொடாத குடும்பங்களின் பெண்கள் அங்கு ஏராளம். ஊசியும் நூலும் அவர்களுக்குப் புதியவை அல்ல. அவற்றுக்குக் கூலி உண்டு என்பதுதான் புதிது. இம்முயற்சிக்கு முன்னின்ற பூசுராவின் நிர்மலா தேவிக்கு 2025-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பழஞ்சேலைகளின் இடத்தை வெளுக்காத புதிய பருத்தித் துணியும் டசர்ப் பட்டும் பிடித்தன. தொட்டில் போர்வையோடு சுவரில் மாட்டும் திரைகளும் சேலைகளும் தைக்கப்பட்டன. அதைவிடப் பெரிய மாற்றம் உருவங்களில் நேர்ந்தது. பெண்கள் தங்கள் வாழ்வையே தைக்கத் தொடங்கினார்கள். வரதட்சிணைக் கொடுமை, குடித்துவிட்டு வரும் கணவன், வாக்குச்சாவடியில் நிற்கும் பெண்கள், பள்ளிக்குப் போகும் சிறுமி, கருவிலேயே அழிக்கப்படும் பெண் சிசு ஆகியவையெல்லாம் துணியில் இடம்பெற்றன. நலமான பிறப்பு என்று பெயர் கொண்ட துணியிலேயே, பெண்ணுக்குப் பிறப்பு உண்டா என்ற வினாவும் தைக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய ஒரு திரையின் முன் நிற்பவருக்கு, தையலின் நேர்த்தி முதலில் கண்ணில் படும். தைத்திருப்பது இன்னதென்று புரியச் சற்று நேரமாகும். புரிந்தபின் நேர்த்தியை மட்டும் புகழ்ந்துவிட்டு நகர்வது எளிதன்று.

பீகாரின் சுஜனித் தையல் இன்று புவிசார் குறியீடு பெற்றுள்ளது. நாடு முழுமைக்குமான அந்தப் பதிவகம் நம் சென்னையில்தான் இயங்குகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. குறியீடு பெயரைக் காக்கும், கூலியைக் காக்காது. இடைத்தரகரின் பங்கு போக, தைத்தவரின் கைக்கு எவ்வளவு வந்து சேருகிறது என்பது தனி வினா. அதைவிட நுட்பமான வினா, அது யாருடைய கைக்கு வருகிறது என்பது. 1992-இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வைத்துச் சோதனை முயற்சியாகத் தொடங்கிய சுய உதவிக் குழு – வங்கி இணைப்பு, இந்த இரண்டாம் வினாவுக்கு நாடெங்கும் ஓரளவு விடை கண்டது. பீகாரில் 'ஜீவிகா' திட்டத்தின் குழுப் பெண்களை ஊரார் 'தீதி' என்று மரியாதையுடன் அழைக்கிறார்கள். 'தீதி' என்றால் அக்கா. கூலி தன் பெயரிலுள்ள கணக்கில் வரவாகும்போது, பாஸ்புத்தகத்தின் அந்த ஒரு வரி வீட்டுக்குள் ஒரு பெண்ணின் சொல்லுக்குத் தரும் எடையை எந்த விருதும் தந்துவிடாது.

ஆயினும் ஒரு ஐயம் எஞ்சுகிறது. விற்பனைக்கெனத் தைக்கும் கைகளுக்கு, தன் வீட்டுக் குழந்தைக்கென ஒன்று தைக்க நேரம் கிடைக்குமா? சந்தை காப்பாற்றிய கலை, வழங்குதல் என்ற தன் ஆதி இயல்பை இழந்துவிடுமா?

இதற்கு எதிர்த்திசையில் ஒரு பார்வை உதவும். வெள்ளமோ கடுங்குளிரோ வந்தால் நாம் நிவாரணமாக வழங்கும் சாம்பல் நிறக் கம்பளிகளில் பெரும்பகுதி ஹரியானாவின் பானிப்பட் நகரிலிருந்து வந்தவை. வெளிநாடுகளில் கழிக்கப்பட்ட கம்பளி ஆடைகள் அங்கு இழைஇழையாகப் பிரிக்கப்பட்டு, மீண்டும் நூலாகி, கம்பளியாகின்றன. அதுவும் கந்தையில் பிறந்த கதகதப்புதான். மலிவானது, விரைவில் கிடைப்பது, பேரிடர் காலத்தில் தவிர்க்க இயலாதது. ஆனால் அதைப் பெறுபவருக்குக் கை நீட்டி வாங்குவதைத் தவிர அதில் பங்கேதும் இல்லை.

இந்தக் குறையைத்தான் அன்ஷு குப்தா கண்டுகொண்டார். 1991-ஆம் ஆண்டு உத்தரகாசி நிலநடுக்கத்தின்போது அங்கு சென்ற இளைஞர் அவர். உடுத்த உரிய துணியின்றிக் குளிரில் மக்கள் படும் பாட்டை நேரில் கண்டவர். 1999-இல், தம் வீட்டிலிருந்த 67 துணிகளைக் கொண்டு 'கூஞ்ச்' அமைப்பைத் தொடங்கினார். 2015-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அந்த அமைப்பு துணியை இலவசமாக வாரி வழங்குவதில்லை. கிராம மக்கள் கூடிக் குளம் தூர்வாருகிறார்கள், பாதை அமைக்கிறார்கள். அந்த உழைப்புக்கான ஊதியமாகத் துணிக்கட்டு வந்து சேர்கிறது. உடுத்த இயலாத அளவுக்குக் கிழிந்த துணியும் வீணாவதில்லை. அவற்றை அடுக்கித் தைத்துச் சுஜனி விரிப்புகள் ஆக்குகிறார்கள். நகரத்துப் பீரோவில் கிடந்த சேலை, கிராமத்துப் பெண்ணின் கைத்தையலால் மற்றொரு வீட்டின் படுக்கையாகிறது. கொடுப்பவர், தைப்பவர், பெறுபவர் மூவரும் ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள்.

சுஜனிக்கு உறவான தையல்கள் நாட்டின் பிற பகுதிகளிலும் உண்டு. மராட்டியத்தில் கோதடி, ராஜஸ்தானில் ரல்லி. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான சித்தி இன மக்கள் தைக்கும் ஒட்டுப்போர்வை தனித்தன்மை வாய்ந்தது. அவர்கள் ஓரத்தில் தொடங்கி, நான்கு புறமும் சுற்றிச் சுற்றி, நடுப்பகுதியில் வந்து முடிப்பார்கள். நான்கு மூலைகளிலும் மடித்துத் தைத்த முக்கோணத் துணிகள், 'பூ' என்ற பெயரோடு அமைய வேண்டும். பூ வைக்காத போர்வை அவர்களுக்கு முழுமையானதன்று.

நம் வாசகர்களில் பலர் தீபாவளிக்கு முன் பீரோவை ஒழுங்குபடுத்துவர். அப்போது ஒதுக்கும் துணிகளைப் பற்றி நடைமுறைக் குறிப்புகள் சில சொல்லத் தோன்றுகிறது. பருத்தியும் கம்பளியும் உடலுக்குப் பயன்படும். நைலான், பாலியஸ்டர் சேலைகள் விரிப்பின் உள்ளடுக்குக்கு ஆகாதவை அல்ல, ஆனால் குழந்தைக்கு ஆகா. துவைத்து, நன்கு உலர்த்தி, மடித்துத் தர வேண்டும்; அழுக்கு மூட்டையைத் தானமென்று தருவது, பெறுபவரின் தலையில் வேலையை ஏற்றுவதாகும். வடமாநிலக் குளிருக்கு எட்ட வேண்டுமானால், அக்டோபருக்குள் அனுப்பிவிடுவது நல்லது. தரம் பிரிக்கவும் தைக்கவும் கொண்டு சேர்க்கவும் காலம் பிடிக்கும். பொருளாக வழங்கும் கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடையாது. பணமாக வழங்குவோர், பழைய வரி முறையில் இருந்தால் தகுதிபெற்ற நிறுவனங்களுக்கு அளித்ததற்குச் சலுகை கோரலாம். 2,000 ரூபாய்க்கு மேற்பட்டதை ரொக்கமாகத் தராமல், காசோலையாகவோ மின்வழியிலோ செலுத்த வேண்டும்.

ஒதுக்கும் துணிகளில் ஒன்றிரண்டைக் கொடுக்காமல் தனியே எடுத்து வைக்கவும் செய்யலாம். தாயாரின் கைத்தறிச் சேலை ஒன்று, தந்தையார் உடுத்திய வேட்டி ஒன்று. தைக்கத் தெரியாதே என்ற தயக்கம் வேண்டாம். ஓட்டுத்தையலுக்குப் பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பின் நினைவே போதும். நாளொன்றுக்கு நான்கு வரிசை வீதம் தைத்தால், 300 வரிசைக்கு 75 நாள்கள். வீட்டில் ஒரு குழந்தை பிறக்கவிருக்கிறது என்ற செய்தி வந்த பின்னும் அதற்கு வேண்டிய அவகாசம் இருக்கிறது.