சீரியல் செட் விலையும் சுங்கத் தீர்வைக் கணக்கும்

2023 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, சி.டி.எச். ரோட்டில் உள்ள என் கடை வாசலில் ஒரு சிறிய லோடு வண்டி வந்து நின்றது. இறங்கி வந்தவர் முன்பின் தெரியாதவர். "அண்ணாச்சி, சீரியல் செட் இருக்கு. பாரிமுனையில நூத்தம்பதுக்கு எடுக்கிறீங்க, நான் தொண்ணூத்தஞ்சுக்குத் தர்றேன்" என்றார். அறுபது செட் இறக்கினேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழ்திக் கொடுத்தார். மளிகைக் கடையில் விளக்குச் சாமான் என்பது பண்டிகைக்குப் பண்டிகை வரும் பக்கத்துச் சரக்குதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

கார்த்திகைக்கு முன்பாக எடையளவு ஆய்வாளர் வந்தார். அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, அதிகபட்ச சில்லறை விலை இல்லை, எந்த நாட்டுச் சரக்கு என்பதும் இல்லை. மீதமிருந்த முப்பத்தெட்டு செட்டும் போயிற்று. இணக்கக் கட்டணமும் கட்டினேன். ஆய்வாளர் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் சட்டப்படிதான் நடந்தார். லோடு வண்டிக்காரரின் கைபேசி அன்றிலிருந்து அணைந்தே கிடக்கிறது.

இதை எழுதக் காரணம், அந்த ரூ.55 வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று நான் முதல் நாளே யோசிக்கத் தவறியதுதான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் நம்மில் பலர் இந்தச் சரக்கை விற்கிறோம். அதன் மேல் விழும் தீர்வையின் கணக்கு தெரிந்திருந்தால், ஒரு விலை கட்டுபடியாகுமா ஆகாதா என்பதைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம்.

கணக்கு இதுதான். வெளிநாட்டில் சரக்கின் விலை, கப்பல் கட்டணம், காப்பீடு மூன்றும் சேர்ந்து சென்னைத் துறைமுகம் வந்து சேரும்போது மதிப்பு ரூ.100 என்று வைத்துக்கொள்வோம். 2023-ல் சீரியல் செட், சுவர் விளக்கு, தொங்கு விளக்கு இவற்றுக்கெல்லாம் அடிப்படைச் சுங்கத் தீர்வை 25 சதவீதம். ஆக ரூ.25. அந்தத் தீர்வையின் மேல் சமூக நல மேல்வரி 10 சதவீதம், அதாவது ரூ.2.50. இப்போது ரூ.127.50 ஆயிற்று. இந்த மொத்தத்தின் மேல்தான் ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம், வெறும் நூறு ரூபாயின் மேல் அல்ல. அது ரூ.22.95. கூட்டினால் ரூ.150.45. துறைமுகச் செலவு, சுங்கத் தரகர் கூலி, லாரி வாடகை, இறக்குமதியாளர் லாபம், மொத்த வியாபாரி லாபம் எல்லாம் இதற்கு மேல்.

இந்த ரூ.150.45-ல் வரி மட்டும் ரூ.50.45, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நாலு மொத்தக் கடையில் நூற்றைம்பது சொல்லும் சரக்கை ஒருவர் தொண்ணூற்றைந்துக்குத் தருகிறார் என்றால், அவர் தன் லாபத்தைக் குறைத்துக்கொண்டு தரவில்லை. நம் தொழிலில் மொத்த வியாபாரிக்கு மூன்றில் ஒரு பங்கு லாபம் ஏது? அவர் விட்டுக் கொடுத்தது சர்க்காருக்குச் சேரவேண்டிய பங்கை. ஐ.ஜி.எஸ்.டி.யை இறக்குமதியாளர் உள்ளீட்டு வரியாக வரவு எடுத்துக்கொள்ளலாம். சுங்கத் தீர்வைக்கு அந்த வசதி கிடையாது. அது விலையோடு ஒட்டிக்கொண்டே நம் கடை வரை வரும்.

இந்த விகிதங்கள் நின்ற இடத்தில் நிற்பவை அல்ல. விளக்குப் பொருத்துச் சாமான்களுக்கு 10 சதவீதமாக இருந்த தீர்வை 2018 பட்ஜெட்டில் 20 ஆயிற்று, 2020 பட்ஜெட்டில் 25 ஆயிற்று. எல்.இ.டி. சரக்குக்கு 12 ஆக இருந்த ஜி.எஸ்.டி. 2022 ஜூலை 18 முதல் 18 ஆயிற்று. 2017 அக்டோபரில் ரூ.100 மதிப்புள்ள எல்.இ.டி. சுவர் விளக்கு, அப்போதைய கல்வி மேல்வரியும் சேர்த்து, வரியோடு ரூ.123.54-க்கு வெளியே வந்தது. ஐந்தே ஆண்டில் அதே விளக்கு ரூ.150.45. "போன தடவை இந்த விலை இல்லையே" என்று சண்டைக்கு வந்த வாடிக்கையாளரிடம் இதை யார் விளக்கிச் சொல்வது! 2025 பட்ஜெட்டில் 25 சதவீதம் என்ற படியே எடுக்கப்பட்டது. அதைப் படித்து விலை சரியும் என்று காத்திருந்தவர்கள் உண்டு. ஆனால் படி குறைந்த பல சரக்குகளுக்கு வேளாண் உள்கட்டமைப்பு மேல்வரி சேர்க்கப்பட்டதால், மொத்தச் சுமை பெரும்பாலும் பழைய அளவை ஒட்டியே நின்றது. தலைப்புச் செய்தியில் வரும் அடிப்படைத் தீர்வையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துதான் போவோம். பொதுவாகச் சரக்குக்கான பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாகும் நாளின் விகிதமே பொருந்தும். அதற்குள் கப்பல் வந்து சேரவில்லையென்றால், கப்பல் வரவு அனுமதி பெறும் நாளின் விகிதம். ஆர்டர் போட்ட நாளின் விகிதம் எதற்கும் உதவாது.

இனி எண் விஷயம். பில்லில் சரக்கின் பெயருக்குப் பக்கத்தில் நான்கு அல்லது ஆறு இலக்கத்தில் ஒரு எண் இருக்கிறதே, அதை நாம் பார்ப்பதே இல்லை. சுங்க இலாகாவில் எல்லாம் அந்த எண்தான். உலக நாடுகள் பொதுவாக வைத்துக்கொண்ட வகைப்பாட்டு எண் அது. நம் நாட்டின் சுங்க அட்டவணை 1986 முதல் அதைப் பின்பற்றுகிறது. விளக்கு விளக்குதானே என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அட்டவணைப்படி பல்பு 8539, ஹோல்டர் 8536, சோக்கும் எல்.இ.டி. டிரைவரும் 8504, டார்ச் லைட் 8513. சுவரிலோ கூரையிலோ பொருத்தும் முழு விளக்கு 9405. மின்சாரமே இல்லாத மண்ணெண்ணெய் விளக்குக்கும் அந்த 9405-லேயே ஓர் இடம் உண்டு.

சிக்கல் எல்லையில்தான் வருகிறது. வெறும் எல்.இ.டி. ட்யூப் வந்தால் அது 8539. அதே ட்யூப் பேட்டனோடு ஒன்றாகச் சேர்ந்து, சுவரில் மாட்டினால் எரியும்படி வந்தால் 9405. நம் கடையில் இரண்டும் ஒரே அலமாரியில் நிற்கும், வாடிக்கையாளரும் இரண்டையும் 'ட்யூப்லைட்' என்றே கேட்பார். இதில் இன்னொரு வேடிக்கை: 2017 வரை அந்த உலகப் பட்டியலில் எல்.இ.டி. பல்புக்கென்று தனி எண்ணே கிடையாது. பல்பு வீட்டுக்கு வீடு வந்துவிட்டது, எண் பின்னால் வந்தது. 2022 திருத்தத்தில் எல்.இ.டி. விளக்கு வேறு, எல்.இ.டி. மாட்யூல் வேறு என்று மீண்டும் பிரித்தார்கள். நம் சீரியல் செட்டுக்கு அந்தப் பட்டியல் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? கிறிஸ்துமஸ் மரங்களுக்குப் பயன்படும் வகை விளக்குச் சரம். ஆடி மாதம் அம்மன் கோவில் வளைவில் தொங்குவதும் அந்தப் பெயரில்தான் கண்டெய்னரில் வருகிறது.

எண் மாறினால் தீர்வை மாறக்கூடும் என்பதால் எண்ணை மாற்றிப் போடும் ஆசையும் வருகிறது. அதிலும் உதிரிபாக வழி பெரிய வழி. அம்பத்தூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் விளக்கைச் சேர்த்துக் கோக்கும் சிறு தொழிலுக்கு ஊக்கம் தர, எல்.இ.டி. விளக்கு தயாரிக்கும் உதிரிபாகங்களுக்குச் சலுகை விகிதம் வைத்தார்கள். 2021 பட்ஜெட்டில் அது 5-லிருந்து 10 சதவீதம் ஆயிற்று; முழு விளக்குக்கோ அப்போது 25. முறைப்படி அறிவித்துத் தயாரிப்பவருக்கு மட்டுமே அந்தச் சலுகை. உடனே சிலருக்கு யோசனை: முழு விளக்கையே கழற்றி நாலு துண்டாகக் கொண்டுவந்தால் என்ன? அட்டவணையின் விளக்க விதிகளில் இரண்டாவது விதி இதற்கென்றே இருக்கிறது. முழுப் பொருளின் அடிப்படைத் தன்மை வந்துவிட்டால், கழற்றிய நிலையில் வந்தாலும் அது முழுப் பொருளே. கூடு, டிரைவர், தகடு, மூடி எல்லாம் எண்ணிக்கை பிசகாமல் ஒரே கண்டெய்னரில் வந்தால் அது உதிரிபாகம் அல்ல, பல்பு. ராஜாஜி சாலை சுங்க மாளிகையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தெரியாததல்ல. தவறான எண்ணால் குறைந்த தீர்வையை இரண்டு ஆண்டுக்குள் திரும்பக் கேட்கலாம். மறைத்தது தெரிந்தால் ஐந்து ஆண்டு வரை கேட்கலாம்.

அந்தத் தீர்வையை நம்மிடம் கேட்பார்களோ என்று பயப்பட வேண்டாம். அது இறக்குமதியாளர் தலைவலி. இன்னொரு பயமும் நம் மக்களிடம் உண்டு: கடையில் வெளிநாட்டுச் சரக்கு இருந்தாலே கடத்தல் என்று எழுதிவிடுவார்கள் என்று. நுகர்பொருள் இறக்குமதி கட்டுப்பாட்டில் இருந்த நாட்களில், ஃபாரின் சாமான் என்றால் பர்மா பஜார் என்றிருந்த காலத்துப் பயம் அது. 2001 ஏப்ரலோடு அந்தக் கட்டுப்பாடுகளில் எஞ்சியவையும் பெரும்பாலும் போயின. கடத்தல் சரக்கு அல்ல என்று வைத்திருப்பவரே நிரூபிக்கவேண்டும் என்னும் சுங்கச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு தங்கம், கைக்கடிகாரம், அரசு அறிவிக்கும் பிற சரக்குகள் இவற்றுக்கானது. சாதாரண விளக்குச் சாமானுக்கு நிரூபிக்கும் பொறுப்பு இலாகாவின் மேல். கைப்பற்றினாலும் ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் தரவேண்டும். காரணம் எழுதி மேலும் ஆறு மாதம் நீட்டிக்கலாம். ஆனால் 112-ஆம் பிரிவை மறந்துவிடக் கூடாது. பறிமுதலுக்குரிய சரக்கு என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கியவருக்கும் அபராதம் உண்டு. துண்டுச்சீட்டும் மூன்றில் ஒரு பங்கு விலைக் குறைவும் அந்தக் 'காரணம்' ஆகாது என்று வாதாட எந்த வக்கீலுக்கும் கஷ்டம்தான்.

நமக்கு நேரடியாக அடி விழும் இடங்கள் வேறு இரண்டு. ஒன்று, எனக்கு நேர்ந்தது: 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள். மற்றது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு. எல்.இ.டி. பல்பு, டிரைவர், சீரியல் செட் ஆகியவை அதில் அடக்கம். பெட்டியிலோ சரக்கிலோ ஐ.எஸ். எண்ணும் 'ஆர்' என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கவேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இறக்குமதியை மட்டும் சொல்லவில்லை. விற்பது, இருப்பு வைப்பது, விற்பனைக்குப் பார்வையில் வைப்பது எல்லாவற்றையும் சொல்கிறது. 29-ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கே ரூ.2 லட்சத்துக்குக் குறையாத அபராதம் எழுதப்பட்டது. அறுபது சீரியல் செட்டில் நான் எதிர்பார்த்த லாபம் மூவாயிரம் ரூபாய்.

பதிவு எண் உண்மையா என்பதைக் கைபேசியில் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். என் மகன்தான் காட்டிக் கொடுத்தான். போன மாதம் ஒருவர் கொண்டுவந்த பல்பின் எண்ணைப் போட்டுப் பார்த்தோம். வேறு ஏதோ கம்பெனியின் செல்போன் சார்ஜருக்குரிய எண் அது. வந்தவர் டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

இப்போதெல்லாம் பாரிமுனையிலிருந்து பில்லோடுதான் எடுக்கிறேன். எண்ணைப் பார்க்கிறேன், பெட்டியில் இறக்குமதியாளர் முகவரியைப் பார்க்கிறேன், மாதம் பிறந்ததும் பில் 2-பி பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று ஆடிட்டரைக் கேட்கிறேன். எதிர்க்கடைக்காரர் ரூ.30 குறைத்து விற்கிறார், சில வாடிக்கையாளர்கள் அங்கே போகிறார்கள். அவரிடமும் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.