‘வரட்டுமா?’ என்னும் கேள்வி

மும்பை கிங்ஸ் சர்க்கிளில், மகேசுவரி உத்யான் என்று இன்று அழைக்கப்படும் வட்டப் பூங்காவைச் சுற்றிப் பழைய அடுக்குமாடிக் கட்டடங்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றின் வாயிலில், மாலை வேளையில், விருந்தினர் படியிறங்கும் நேரத்தில் சற்றே நின்று செவிமடுத்தோம். தமிழர் ‘போயிட்டு வரேன்’ என்கிறார். மலையாளி ‘போயிட்டு வராம்’ என்கிறார். கன்னடத்தவர் ‘ஹோகி பர்த்தீனி’ என்கிறார். மராத்தியர் ஆணாயின் ‘யேதோ’, பெண்ணாயின் ‘யேதே’ என்கிறார். பொருள் ‘வருகிறேன்’ என்பதே. குஜராத்திக் குடும்பத்தார் ‘ஆவ்ஜோ’, அதாவது ‘வாருங்கள்’ என்கின்றனர். புறப்படுகிறவர்கள் யாவரும் வருவதைப் பற்றியே பேசுகின்றனர். ‘போகிறேன்’ என்ற சொல் மட்டும் காதில் விழவேயில்லை.

இத்தனை மொழிகள் ஒரே படிக்கட்டில் கூடியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1896இல் பம்பாயைத் தாக்கிய கொள்ளைநோய்க்குப் பின் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை, நெரிசலிலிருந்து நகரை விடுவிக்க வடக்கே தாதர், மாதுங்கா பகுதிகளில் புதிய குடியிருப்புகளைத் திட்டமிட்டது. அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் வங்கிகளிலும் பணிபுரிய வந்த தென்னிந்தியர் இங்கே குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1952இல் சண்முகானந்த சபை தோன்றியது. அரோரா திரையரங்கில் தமிழ்ப்படங்கள் ஓடின. தாராவியில் திருநெல்வேலிச் சீமையினரும், செம்பூரில் ஓய்வு பெற்ற அலுவலர்களும் பெருகினர். ஊரிலிருந்து கொண்டுவந்த பண்டபாத்திரங்களில் சில காலப்போக்கில் மாறின. விடைபெறும் முறை மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

அந்த முறையின் வேர் நம் இலக்கணத்திலேயே உள்ளது. ‘வா’, ‘தா’ என்னும் சொற்கள் பேசுவோனுக்கும் கேட்போனுக்கும் உரியவை, ‘செல்’, ‘கொடு’ என்பன அயலானுக்கு உரியவை என்று தொல்காப்பியம் வகுத்துள்ளது. ‘உன்னிடம் செல்கிறேன்’ என்று நாம் சொல்வதில்லை. ‘உன்னிடம் வருகிறேன்’ என்றே சொல்கிறோம். எனவே வாசலில் நின்று ‘வருகிறேன்’ என்பவர், தாம் திரும்பும் இடம் கேட்பவரின் இடமே என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார். அவலச் சொல்லை விலக்கி நற்சொல்லால் வழங்குவதை நன்னூலார் ‘மங்கலம்’ என்றார். சுடுகாட்டை நன்காடு என்பதும், செத்தாரைத் துஞ்சினார் என்பதும் உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். ‘போகிறேன்’ என்பதைத் தவிர்ப்பதும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ‘விடை’ என்ற சொல்லுக்கு அனுமதி என்றும் பொருள், மறுமொழி என்றும் பொருள். விடைபெறுதல் என்றால் அதற்கு முன் ஒரு கேள்வி இருந்தாக வேண்டுமல்லவா? இருக்கிறது. ‘அப்ப நான் வரட்டுமா?’ என்பதே அக்கேள்வி. ‘சரி, வாங்க’ என்று வீட்டார் சொல்லும் வரையில் செருப்பில் கால் நுழைவதில்லை. அவ்விடையும் எளிதில் கிடைப்பதில்லை. ‘இன்னும் ஒரு வாய் காபி’ என்பார்கள். பெண்களாயின் குங்குமச் சிமிழை நீட்டி, வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம் வைத்துத் தருவார்கள். பெற்றுக்கொண்டு எழுந்தபின்புதான் நிலைப்படியில் உண்மையான பேச்சு தொடங்கும். கூடத்தில் ஒரு மணி நேரம் பேசாத மகளின் திருமணச் செய்தி, மைத்துனரின் கடன், மருத்துவர் சொன்ன சேதி ஆகியன எல்லாம் மின்தூக்கியின் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பேசப்படும். கீழ்த்தளத்தில் காத்திருப்பவர் பொத்தானை அழுத்தி அழுத்திச் சலிப்பார். மாதுங்காவில் மின்தூக்கிகள் பழுதாவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று நமக்கு ஐயமுண்டு.

வெளியூர்ப் பயணமாயின் நியமங்கள் கூடும். ராகு காலம் பார்ப்பது, தயிரில் சர்க்கரை கலந்து ஒரு கரண்டி கொடுப்பது, ‘எங்கே போகிறாய்?’ என்று கேளாதிருப்பது, இறங்கியவரைப் பின்னிருந்து கூப்பிடாதிருப்பது என இவை எல்லாம் நம் வீடுகளில் பழகியவையே. மறந்த பொருளுக்காகத் திரும்பியவர் ஒரு கணம் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகே மீண்டும் கிளம்பலாம். நல்ல நேரத்தில் புறப்பட இயலாதவர், பெட்டியை மட்டும் நல்ல நேரத்தில் அடுத்த வீட்டில் வைத்துவிடுவதும் உண்டு. இதற்குப் ‘பரஸ்தானம்’ என்று பெயர். பம்பாய் இந்தியில் ‘சல், நிக்கல்தா ஹூம்’ என்று சொல்லிப் பழகிய பேரப்பிள்ளைகள், தமிழிலும் ‘கிளம்பறேன்’ என்று சொல்லிவிட்டுப் பாட்டியிடம் திருத்தம் பெறுவது இன்றும் நடக்கிறது.

இவ்வகையில் நமக்கு நெருங்கிய உறவினர் எங்கோ அட்லாண்டிக் கரையில் இருக்கின்றனர். அயர்லாந்தில், ஐரிஷ் மொழியில், விடைபெறும் சொல் ‘ஸ்லான்’. ‘நலம்’, ‘பத்திரம்’ என்பது பொருள். புறப்படுகிறவர் வீட்டில் இருப்பவரை நோக்கி ‘ஸ்லான் அகத்’ என்பார்; நலம் உம்மிடம் இருக்கட்டும் என்பது கருத்து. இருப்பவர் புறப்படுகிறவரிடம் ‘ஸ்லான் லெத்’ என்பார். நலம் உம்மோடு வரட்டும் என்பது கருத்து. போகிறவருக்கு ஒன்று, இருப்பவருக்கு ஒன்று என நம் ‘வரேன்’, ‘வாங்க’ போலவே இரு பாதிகள். தொலைபேசியை வைக்குமுன் ‘பை’ என்பதை ஆறேழு முறை அடுக்கிச் சொல்வதும் அவர்கள் வழக்கம். ‘சரி வெச்சிடட்டுமா, சரி, ஆங், சரி’ என்று நீட்டும் நமக்கு இதில் வியப்பொன்றுமில்லை.

ஆயினும் உலக வழக்கு அவர்களுக்கு நேர்மாறான ஒரு பெயரைச் சூட்டியிருக்கிறது. விருந்தில் எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நழுவுவதை அமெரிக்கர் ‘ஐரிஷ் விடைபெறல்’ என்கின்றனர். அதையே ஆங்கிலேயர் ‘பிரெஞ்சு முறை’ என்கின்றனர்; பிரெஞ்சுக்காரரோ ‘ஆங்கில முறை’ என்கின்றனர். பழியைப் பக்கத்து வீட்டில் வைப்பது எல்லா நாட்டுக்கும் பொது. நம்மிடையே அப்படி நழுவுவோர் இல்லாமலில்லை. 1963இல் திறக்கப்பட்டு, 1990 தீ விபத்துக்குப் பின் 1998இல் புத்துயிர் பெற்ற சண்முகானந்த அரங்கில், மங்கலம் பாடுமுன்னே ரயிலைப் பிடிக்க இருளில் வரிசை வரிசையாகக் குனிந்து செல்வோரைக் கண்டிருக்கிறோம். டோம்பிவிலிக்குப் போகவேண்டியவரை யார் குறை சொல்ல முடியும்?

சொல்லிக்கொள்ளாமல் போவதே முறை என்று நம் மரபு வகுத்த இடமும் ஒன்று உண்டு. அது துக்க வீடு. அங்கே வாசலில் நின்று ‘வாங்க’ என்று வரவேற்பாரில்லை. புறப்படும்போது ‘போய் வருகிறேன்’ என்பாருமில்லை. எழுந்து, கண்ணால்கூடச் சொல்லாமல், வெளியேறிவிட வேண்டும். இத்தகைய நிகழ்வுக்கு மீண்டும் வருவேன் என்று சொல்லலாகாது என்பதே காரணம். மருத்துவரிடம் ‘வருகிறேன்’ என்று சொல்லவந்து நாவைக் கடித்துக்கொள்வோரும் உண்டு. சிறுவயதில் துக்க வீட்டிலிருந்து நம்மைக் கையைப் பிடித்து அழைத்து வந்த பெரியவர்கள், தெருமுனை தாண்டும் வரை பேசாதிருந்தது நினைவுக்கு வருகிறது. வாசலில் அத்தனை பேசுகிறவர்கள் பேசாதிருந்ததாலேயே அச்சாவின் கனம் நமக்கு விளங்கியது.

அயர்லாந்தில் இறந்தவர் உடலைச் சூழ்ந்து இரவெல்லாம் விழித்திருக்கும் வழக்கம் பழமையானது. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தை ஒட்டிப் பத்து லட்சம் பேருக்கு மேல் நாட்டைவிட்டு வெளியேறினர். அந்த 19ஆம் நூற்றாண்டில், அமெரிக்காவுக்குக் கப்பலேறும் பிள்ளைக்காக முன்னிரவில் உற்றாரும் ஊராரும் கூடி விழித்திருப்பர்; ஆட்டமும் பாட்டும் அழுகையும் விடியும் வரை நடக்கும். அதற்கு ‘அமெரிக்க விழிப்பு’ என்றே பெயர். உயிரோடு இருப்பவருக்கு நடத்திய இழவு அது. திரும்பி வருவார் என்று எவரும் நம்பவில்லை. ஆகவே அவ்வாறு சொல்லவுமில்லை.

சென்னை செல்லும் ரயிலுக்காகத் தாதர் நடைமேடையில் நின்ற நம் குடும்பங்களுக்கு அந்த நிலை வரவில்லை. போனவர்கள் கோடை விடுமுறை முடிந்து, வடுமாங்காய் ஜாடியோடு திரும்பினர். ‘போயிட்டு வரேன்’ என்ற சொல்லை அவர்கள் பெரும்பாலும் காப்பாற்றினர். இப்போது நிலை வேறு. பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக மறுகட்டுமானத்துக்கு இடிக்கப்படுகின்றன. பிள்ளைகள் பெங்களூரிலோ கடல் கடந்தோ இருக்கின்றனர். ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் முதியவர் என்ன சொல்லி விடைபெறுவார்? ‘போகிறேன்’ என்பது உண்மை. அதைச் சொல்ல நா எழாது. ‘வருகிறேன்’ என்பது எழும். அதை நம்ப முடியாது.

அண்மையில் நம் கிளை ஒன்றில் அத்தகைய அம்மையார் ஒருவரைக் கண்டோம். கோயம்புத்தூரில் மகள் வீட்டருகே உள்ள கிளைக்குக் கணக்கை மாற்றவும், பாதுகாப்புப் பெட்டகத்தை ஒப்படைக்கவும் வந்திருந்தார். பதிவேட்டில் கையொப்பமிட்டார். சாவியைச் சற்று நேரம் கையில் வைத்திருந்து, பின்பு மேசைமேல் வைத்தார். துணைக்கு வந்திருந்த எதிர்வீட்டுக் குஜராத்தி மாது, படிவங்களின் நகல்களை மடித்து அவர் பைக்குள் வைத்தார். கவுன்டரில் இருந்த மராத்தியப் பெண் அலுவலருக்குத் தமிழ் தெரியாது. அம்மையார் எழுந்து நின்று, தமிழிலேயே, ‘வரட்டுமா அம்மா?’ என்று கேட்டார்.

அலுவலர் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, கதவு வரை உடன் சென்றார். ‘யா, ஆஜி,’ என்றார். வாருங்கள், பாட்டி என்பது பொருள். பிறகு மூவரும் வாசற்படியில் நின்று பேசத் தொடங்கினர். வரிசையில் அடுத்திருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.