காபி வைக்கணுமா? முதலில் நிழலை வையுங்கள்!

கடந்த ஓராண்டாக என் தோட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "சார், ஏக்கருக்கு எத்தனை காபிச் செடி வைக்கலாம்?" காபி விலை ஏறியிருக்கிற சேதி எல்லோருக்கும் எட்டிவிட்டது. நான் திருப்பிக் கேட்பேன்: "உங்க நிலத்துல இப்ப எத்தனை மரம் இருக்கு?" பெரும்பாலும் வருகிற பதில், "மரமெல்லாம் எடுத்துட்டோம் சார், டிராக்டர் ஓட்ட இடைஞ்சல்." அப்படியானால் இப்போதைக்குக் காபி வேண்டாம் என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பிவிடுகிறேன். சிலருக்கு என்மேல் வருத்தம்தான். தான் மட்டும் சம்பாதிக்கப் பார்க்கிறார் என்று ஒருவர் வெளியே போய்ச் சொன்னதாகவும் கேள்வி.

2016ல் எனக்கு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் ஆயிரம் செடி பிழைத்திருக்கும்.

எங்கள் நிலம் தளி பக்கம். ஓசூர் மேட்டு நிலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர். தளி அதைவிடக் கொஞ்சம் உயரம். பனி உண்டு, குளிர் உண்டு. அராபிகா வராதா என்ன என்று நினைத்தேன். வங்கியில் இருந்தபோது தோட்டக் கடன்களைப் பார்த்தவன், அதனால் எல்லாம் தெரியும் என்ற எண்ணமும் இருந்தது. நாற்று விற்றவர், "இது புது ரகம் சார், வெயில்லயே வளரும், சொட்டுநீர் போட்டா போதும்" என்றார். ஆடியில் 1,200 நாற்று நட்டேன். ஓடையோரம் அப்பா காலத்துப் பலா, நாவல், புங்கன் நிற்கிற இடத்தில் 180. மீதி 1,020 திறந்த வெளியில். ஒரே நாற்று, ஒரே வாரம், ஒரே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்.

முதல் கோடையில் வெளியில் நின்ற செடிகளின் இலை ஓரம் கருகியது. நிழல்வலை கட்டினேன், தேறிவிட்டன. மூன்றாம் ஆண்டு காய்த்ததைப் பார்த்து ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. கிளை தெரியாமல் காய். நிழலில் நின்ற 180ம் ஏதோ பேருக்குக் காய்த்திருந்தன. நிழல்தான் விளைச்சலைக் கெடுக்கிறது என்று மனைவியிடம் அளந்தேன். அறுவடை முடிந்ததும் அந்த வெயில் செடிகளின் கிளைகள் நுனியிலிருந்து உள்நோக்கிக் காய்ந்துகொண்டே வந்தன. வெயிலில் நிற்கிற அராபிகா சக்திக்கு மீறிக் காய்க்கும், இலை கொட்டும், கிளையில் சேர்த்து வைத்த சத்தெல்லாம் காய்க்கே போய்விடும். அதன் பிறகு தெரிந்துகொண்ட பாடம் இது.

நொந்துபோன செடிகளுக்கு அடுத்து வந்தது வெள்ளைத் தண்டுத் துளைப்பான். தோட்டக்காரர்கள் வெறுமனே 'போரர்' என்பார்கள். இந்த வண்டு பறக்கிற காலம் ஆண்டில் இரண்டு: ஏப்ரல்-மே, பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நல்ல வெயிலில்தான் சுறுசுறுப்பு. வெயில் படுகிற தண்டாகத் தேடி, பட்டை வெடிப்பில் முட்டையிடும். புழு பட்டைக்கடியில் கொஞ்சம் நாள் தின்றுவிட்டுக் கட்டைக்குள் போய்விடும். போகிற வழியைத் தன் எச்சத்தாலேயே இறுக அடைத்துக்கொண்டு போவதால் வெளியிலிருந்து எந்தப் பூச்சிவிரட்டியும் அதைத் தொடாது. தண்டில் வரப்பு மாதிரி ஒரு மேடு, இலை மஞ்சள், வாட்டம். நாம் பார்க்கும்போது கதை முடிந்திருக்கும்.

2020 மார்ச்சில் எண்ணியபோது வெளியில் 640 செடியில் போரர். மற்றவை ஏற்கெனவே காய்ந்து போனவை. வண்டு வெளியே வருவதற்குள் பிடுங்கி எரித்தால்தான் மிச்சத்தைக் காப்பாற்ற முடியும். அந்த நேரம் பார்த்து ஊரடங்கு. ஆனால் எங்கள் ஊரில் வேறு மாதிரி ஆயிற்று. காலை ஆறு மணிக்குக் கம்பெனி வேனில் சிப்காட்டுக்கும் ரோஜாக் கொட்டகைகளுக்கும் போகிற பிள்ளைகள் எல்லாம் வீட்டில் இருந்தார்கள். முகத்தில் துணி கட்டிக்கொண்டு வந்து நான்கே நாளில் பிடுங்கிக் கொடுத்தார்கள். குவித்து எரித்தோம். பச்சைக் காபிக் கட்டை எரிகிற வாசனை இன்றும் எனக்குப் பிடிப்பதில்லை.

ஓடையோரத்து 180ல் போனவை 11 மட்டும்.

அதன் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். அராபிகாவின் பிறப்பிடம் எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடு. அங்கே அது பெரிய மரங்களுக்குக் கீழே வளர்கிற குத்துச்செடி. ரொபஸ்டா காங்கோ பக்கத்து ஈரக்காடு. அதற்கு நம்மிடம் இல்லாத ஈரம் வேண்டும், ஆகவே நம் மாவட்டத்துக்கு அதைப்பற்றி அதிகம் பேச வேண்டாம். காட்டை வழித்துவிட்டுக் காபியை மட்டும் வைத்த இடம் இலங்கை. 1869ல் அங்கே இலைத்துரு நோய் தலைகாட்டியது. இருபது ஆண்டுக்குள் காபி அழிந்து தேயிலை வந்தது. நம் பக்கத்திலிருந்து நடந்தும் கப்பலேறியும் போன ஜனங்கள்தான் இரண்டு தோட்டத்திலும் உழைத்தவர்கள்.

நமக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஏற்காடு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அங்கே காபியைக் கொண்டுவந்தார். அப்போது கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாதான். இருநூறு ஆண்டாகச் சேர்வராயன் மலையில் காபி நிற்கிறதென்றால் சில்வர் ஓக், பலா, மிளகுக் கொடி எல்லாம் மேலே நிற்பதால். 1,300 மீட்டருக்கு மேல் உயரம், 1500 மி.மீ.க்குக் குறையாத மழை. நமக்கோ 800, 900 மி.மீ. இந்த வித்தியாசத்தை மறைத்து யார் காபி நாற்று விற்றாலும் வாங்காதீர்கள். அங்கே ஒரு வயதான மேஸ்திரி என்னைத் தோட்டத்துக்குள் கூட்டிப்போய், "தரையைப் பாருங்க சாமி. உச்சி வெயில்ல பாதி வெளிச்சம், பாதி நிழல், புள்ளி புள்ளியா விழணும். அதுக்கு மேல வெளிச்சம்னா போரர் வரும், கீழனா காய் வராது, துரு வரும்" என்றார். இதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

திரும்பி வந்து, 2020 மழைக்கு முதலில் கல்யாண முருங்கைப் போத்து நட்டேன். முழங்கை கனம், ஆறடி நீளம், பத்தடிக்கு ஒன்று. நடுவே முப்பதடிக்கு ஒன்றாகச் சில்வர் ஓக், நாவல், அத்தி, புங்கன். அகத்தியும் துவரையும் இடைவெளிக்கு. பலாவை மட்டும் வீட்டுப் பக்கம் வைத்தேன். காட்டோரம் பலா வைத்தால் யானைக்குப் பத்திரிகை வைத்துக் கூப்பிட்ட மாதிரி. ராகி அறுக்கிற காலத்தில் ஜவளகிரிப் பக்கத்திலிருந்து வருகிற கூட்டம் காபியைப் பெரிதாகத் தின்பதில்லை, ஆனால் நடக்கிற வழியில் நிற்கிற செடி மிஞ்சாது.

இரண்டு ஆண்டு காத்திருந்து, 2022 ஆடியில்தான் காபி வைத்தேன். இந்த முறை 500. உயர ரகமான எஸ்.795, ஆறடிக்கு ஆறடி. ஒன்றரை அடிக் குழி, மக்கிய தொழுவுரம், கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு. மாதம் ஒருமுறை ஜீவாமிர்தம். எல்லாவற்றையும் விட மூடாக்கு. அகத்தி, துவரை, முருங்கை இலை, புங்கன் சருகு எது கிடைத்தாலும் செடியைச் சுற்றி அரையடி கனம். தண்டை ஒட்டி மட்டும் போடக்கூடாது. கோடையில் மூடாக்கை விலக்கிக் கையை வைத்துப் பாருங்கள், மண் குளிர்ச்சியாக இருக்கும். இப்போது பழைய தண்ணீரில் பாதிகூட விடுவதில்லை.

செடி இரண்டரை, மூன்றடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பக்கக் கிளை பலப்படும். பிறகு ஒரு குருத்தை மேலே விட்டு ஐந்தடியில் நிறுத்தலாம். தண்டிலிருந்து நேராகக் கிளம்புகிற சிம்புகளை அவ்வப்போது ஒடித்துவிட வேண்டும். ஜூனில் மழைக்கு முன் முருங்கைக் கிளையைக் கழித்து வெளிச்சம் விடுவோம். கோடைக்குள் அது மறுபடி தழைத்துவிடும். போரருக்கு, வண்டு பறக்கிற காலத்துக்கு முன்னால் தண்டின் செதில் பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டுச் சுண்ணாம்புப் பால் பூசுகிறோம். கத்தியால் சீவக்கூடாது, பச்சைப் பட்டை காயப்படும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு தண்டையும் பார்த்து, மேடு தெரிகிற செடியைத் தயவில்லாமல் பிடுங்கி எரிக்கிறோம். போன ஆண்டு மொத்தத் தோட்டத்திலும் நான்கு.

பூவைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மொட்டுகள் மாசி பங்குனியில் தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் மழை விழுந்தால் எட்டு, பத்து நாளில் ஒரே காலையில் தோட்டம் வெள்ளையாகிவிடும். நாம் மாம்பழ மழை என்கிறோமே, அதே மழைதான். பக்கத்துத் தோட்டத்து அம்மா வேலியோரம் நின்று, "என்ன சார், மல்லி வச்சிருக்கீங்களா?" என்றார். ஆனால் வெறும் தூறலோடு மழை நின்றுவிட்டால் மொட்டு பாதி விரிந்து கருகும். ஒரு சித்திரையில் எனக்கு அப்படி ஆனது. இப்போது தூறல் போட்ட அன்றே தெளிப்பான் வைத்து நனைத்துவிடுகிறேன். மூன்று வாரத்துக்குள் இன்னொரு நனைப்பும் வேண்டும். இந்த இரண்டு தண்ணீருக்கு வழி இல்லாதவர் காபியை நினைக்க வேண்டாம். ஆயிரம் அடி போர் போட்டு ஆண்டு முழுக்கத் தண்ணீர் விட்டுக் காபி வளர்ப்பது என்ன விவசாயம் என்று எனக்குப் புரியவில்லை.

கணக்கு கேட்பீர்கள். பழைய 169 செடியில் போன பருவத்தில் 370 கிலோ பழம். ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை, ஆக அறுபது கிலோ சொச்சம். பழம் ஒரே நாளில் பழுப்பதில்லை; நவம்பரிலிருந்து ஜனவரி வரை நான்கு பறிப்பு. ராகி அறுப்பும் அவரைக்காயும் அதே நேரம், ஆளுக்கு எங்கே போவது? கூலி பாதி வருமானத்தைத் தின்றுவிட்டது. முழுப் பழமாகவே தரையில் விரித்து இரண்டு வாரம் காய வைக்கிறோம், குலுக்கினால் உள்ளே சலசலக்கும் வரை. மார்கழிப் பனியில் சாயங்காலமே மூடிவிட வேண்டும், இல்லையென்றால் பூஞ்சணம். விலை நிற்கும் என்றும் நம்பாதீர்கள். 2001, 2002ல் காபி விலை விழுந்தபோது தோட்டக்காரர்கள் வங்கி மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த விதத்தை நான் மறுபக்கத்திலிருந்து பார்த்தவன். அதனால்தான் சில்வர் ஓக்கில் மிளகு ஏற்றியிருக்கிறேன், நாவல் விற்கிறேன், அகத்திக்கீரை வாரம் ஒருமுறை ஓசூர் போகிறது. காபி இதில் நான்காவது.

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கத்து நண்பர்களுக்கு: அங்கே உயரம் போதாது, வெயில் அதிகம். உங்களுக்கு மா இருக்கிறது. தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம் மேட்டில், கிழக்கு அல்லது வடக்கு பார்த்த சரிவும் பழைய மரமும் உள்ளவர்கள் ஐம்பது செடி வைத்துப் பாருங்கள்.

போன வாரம் கெலமங்கலத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். கம்பெனி வேலையை விட்டுவிட்டானாம். மூன்று ஏக்கர், ஒரு மரம் கிடையாது. காபி நாற்று ஐந்நூறு வேண்டும் என்றான். டெம்போவும் கொண்டுவந்திருந்தான். மோரைக் குடித்துவிட்டு முறைத்துக்கொண்டு போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். ஓடையோரத்தையும், எரித்த இடத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "சார், முருங்கைப் போத்து எத்தனை தருவீங்க?" என்றான். அறுபது வெட்டி ஏற்றிவிட்டோம்.