லாரி ஸ்டியரிங் ஏன் ஆடுகிறது?

ஸ்டியரிங் தளர்ந்தால் பலரும் முதலில் ஸ்டியரிங் பாக்ஸைத்தான் சந்தேகிப்பார்கள். கோளாறு கீழே, முன் ஆக்சிலிலும் இருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் ஆக்சிலை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து, உள்ளும் வெளியுமாக அசைக்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசைக்க வேண்டும். ஆட்டம் நின்றால் தேய்ந்தோ தளர்ந்தோ இருப்பது வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின்.

ஏன்? பிரேக் லைனிங் டிரம்மை இறுகப் பிடித்ததும் பேரிங்கின் தளர்வு வெளியே தெரியாது. கிங்பின் இருப்பதோ அந்தப் பிடிக்கு அப்பால், ஆக்சிலோடு ஸ்டப் ஆக்சில் சேரும் இடத்தில். அதன் தளர்வை பிரேக்கால் மறைக்க முடியாது.

டயரின் இடது, வலது ஓரங்களைப் பிடித்து அசைக்கும்போது ஆடினால் டை ராட் முனைகளைப் பார்க்க வேண்டும். டயர் ரம்பப் பல்போலத் தேய்ந்திருந்தால் டோ-இன் அளவு தவறியிருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் பிரேக்கையும், எப்போதும் இழுத்தால் முதலில் டயர் காற்றையும் சோதிக்கலாம்.

தேய்ந்த கிங்பின்னோடு அலைன்மென்ட் பார்ப்பது வீண்செலவு. வண்டி சாலையில் ஓடத் தொடங்கியதும் அந்த அளவு நிலைக்காது.