உங்களுக்குத் தெரியுமா? பயிர் காட்டும் பழங்காலம்

புதைந்த குழியின் மண்ணில் ஈரம் தங்கும். அதன்மேல் பயிர் செழிக்கும். கற்சுவரின்மேல் பயிர் வாடும். வறண்ட காலத்தில் எடுத்த வான்படத்தில் இந்த வேறுபாடு கோடுகளாகவும் வட்டங்களாகவும் தெரியும்.

கடலோர ஊரான மரக்காணத்தின் உப்பளங்களில் பயிர் இல்லை என்பதால் இந்த உத்தி அங்கே பலிக்காது. அதற்கு மேற்கே விளைநிலமும் ஏரியும் உள்ள பகுதிதான் இதற்கு ஏற்றது. இந்த வட்டாரத்தின் தொன்மைக்குச் சான்றாக, மதுராந்தகம் அருகே சானூரில் 1950, 1952 ஆண்டுகளில் நடந்த அகழாய்வு, பெருங்கற்கால ஈமச்சின்னங்களை வெளிக்கொணர்ந்தது.

தென்னந்தோப்புக்கடியில் நகரம் கிடந்த கீழடியில் தமிழகத் தொல்லியல் துறை ட்ரோன், தரை ஊடுருவும் ரேடார் ஆகியவற்றையும் பயன்படுத்தியது. வானிலிருந்து கிடைப்பது குறிப்புதான். காலத்தை உறுதிசெய்ய அகழாய்வு வேண்டும்.

உழும்போது முதுமக்கள் தாழி தென்பட்டால் தோண்டாதீர்கள். வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.