பாட்டிலில் நம் காய் இருக்கிறதா?

எங்கள் படிப்பு வட்டத்தில் வாரம் ஒரு நாள் புத்தகம் கிடையாது. காலி உறை, காலி பாட்டில், மருந்து அட்டை என்று வீட்டில் கிடப்பதை எல்லோரும் கொண்டு வருவார்கள். அதில் இருப்பதைப் படிப்போம்.

போன மழைக்காலத்தில் ஓர் அக்கா ஒரு காலி பாட்டில் கொண்டு வந்தார். பேரன் குடித்துவிட்டுப் போட்டது. ஏலக்காய் மணமுள்ள இனிப்புப் பால். மேலே பச்சைப் பசேலென்று மூன்று ஏலக்காய் படம். அந்த அக்கா உடும்பஞ்சோலைத் தோட்டங்களில் இருபத்தைந்து வருடமாகக் காய் எடுப்பவர்.

"இதுல நம்ம காய் எத்தனை இருக்கும் தம்பி?" என்று கேட்டார்.

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஏலக்காயின் மணம் தோலில் இல்லை. உள்ளே இருக்கும் கறுப்பு விதையில் இருக்கிறது. அந்த விதைக்குள் எண்ணெய் இருக்கிறது. நம் ஸ்டோரில் ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காயை உலர்த்தினால் ஒரு கிலோ காய் கிடைக்கும். உலர்ந்த காயை உடைத்து அதன் வழியே நீராவி விட்டால், எண்ணெய் ஆவியோடு வெளியே வரும். ஆவியைக் குளிர வைத்தால் தண்ணீர் வேறு, எண்ணெய் வேறாகப் பிரியும். நூறு கிலோ காயில் ஆறேழு கிலோ எண்ணெய் கிடைக்கும். வெடித்த காய், நிறம் போன காய் இவற்றுக்கு ஏலத்தில் நல்ல விலை கிடைக்காது. ஆனால் எண்ணெய் எடுக்க அவை ஆகும்.

எர்ணாகுளம் மாவட்டம் கோலஞ்சேரியில் 1972இல் தொடங்கிய சிந்தைட் கம்பெனி இப்படி மசாலாப் பொருள்களிலிருந்து எண்ணெயும் சாறும் எடுத்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. ஒரு லிட்டர் பாலுக்கு ஏலக்காய் எண்ணெய் ஓரிரு துளி போதும்.

இது ஒரு வழி. இன்னொரு வழியும் இருக்கிறது.

ஏலக்காய் எண்ணெயைப் பிரித்துப் பார்த்தால் அதில் முக்கியமான பொருள்கள் இரண்டு. ஒன்றின் பெயர் சினியோல். நீலகிரித் தைலத்தில் இருப்பதும் இதுதான். ஏலக்காயை மென்றதும் மூக்குக்குள் குளிர்ச்சியாக ஏறுகிறதே, அது இதனால்தான். மற்றொன்று டெர்பினைல் அசிடேட். இனிய மணம் தருவது இது. பைன் மரப் பிசினிலிருந்து வரும் டர்பன்டைனைக் கொண்டு இதைத் தொழிற்சாலையில் செய்யலாம். ஆக, தைலமரமும் பைன் மரமும் இருந்தால் ஏறக்குறைய ஏலக்காய் மணம் செய்துவிடலாம். ஏலச்செடியே வேண்டாம்! அசல் காயில் இன்னும் பல நுண்ணிய மணங்கள் உண்டு. ஆனால் பாலும் சர்க்கரையும் கலந்த பிறகு அந்த வித்தியாசத்தை யார் கண்டுபிடிப்பார்கள்?

பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தால் கண்டுபிடிக்கலாம். மணம் சேர்த்திருந்தால் எந்த வகை மணம் என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம். 'நேச்சுரல்' என்றால் இயற்கைப் பொருளிலிருந்து எடுத்தது. 'நேச்சர் ஐடென்டிக்கல்' என்றால் இயற்கையில் இருக்கும் அதே பொருள், ஆனால் தொழிற்சாலையில் செய்தது. 'ஆர்ட்டிஃபிஷியல்' என்றால் இயற்கையில் இல்லாத, முழுக்கச் செயற்கையான மணம். அனுமதித்த அளவில் மூன்றையும் சேர்க்கலாம். நடுவில் இருப்பது விஷம் அல்ல. ஆனால் அது நம் காயும் அல்ல.

சேர்மானப் பட்டியலிலும் ஒரு விதி உண்டு. எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும். பல குளிர்பானங்களில் தண்ணீருக்கு அடுத்தபடி சர்க்கரை நிற்பதைப் பாருங்கள்.

இவையெல்லாம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பதுதான் சட்டம். தமிழும் மலையாளமும் கட்டாயம் இல்லை. கஷ்டப்பட்டு எழுத்துக் கற்றவர்களுக்கு இது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

அக்காவின் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தோம். 'நேச்சர் ஐடென்டிக்கல்' என்று இருந்தது. பட்டியலில் ஏலக்காய் இல்லை.

"அப்ப படம் மட்டும்தான் நம்மளுதா?" என்றார் அக்கா.

முன்பு பாட்டில் என்றால் கோலா, ஆரஞ்சு, எலுமிச்சை. இப்போது கம்பெனிகள் நம் வீட்டுச் சுவைகளைத் தேடி வருகின்றன. 2013இல் பேப்பர் போட் என்ற பெயரில் மாங்காய்ப் பானகமும் ஜல்ஜீராவும் உறையில் வந்தன. 2018இல் கோகோ கோலா கம்பெனியே ரிம்ஜிம் என்ற சீரக பானத்தை மறுபடி விற்றது. தமிழ்நாட்டு வியாபாரிகள் 2017 மார்ச்சில் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்க மாட்டோம் என்றபோது, பொவொன்டோ போன்ற உள்ளூர் பானங்களைத் தேடி வாங்கினார்கள். இஞ்சி, ஏலக்காய், மசாலா டீ எல்லாம் இன்று பாக்கெட்டில் கிடைக்கின்றன.

இது நமக்கு நல்லதா? அசல் காய் போட்டால் நல்லது. சவூதி அரேபியாவில் காவாவுக்கு அசல் காயைத்தான் இடித்துப் போடுகிறார்கள். நம் காய்க்கு அது பெரிய சந்தை. வாசனை மட்டும் போதும் என்று கம்பெனி நினைத்தால் என்ன ஆகும் என்பதை இடுக்கி ஒரு முறை பார்த்திருக்கிறது.

2000ஆம் ஆண்டில் மடகாஸ்கர் தீவைப் புயல் தாக்கியது. உலகத்தின் வனிலாவில் பெரும்பகுதி அங்கேதான் விளைகிறது. விலை ஏறியது. இங்கே பலர் வனிலாக் கொடி நட்டார்கள். அதன் பூ காலையில் மலர்ந்து அன்றே வாடிவிடும். அதற்குள் ஒவ்வொரு பூவிலும் குச்சியால் மகரந்தம் சேர்க்க வேண்டும். 2003இல் பச்சைக்காய் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போனது. ராத்திரியில் காவல் கிடந்தார்கள். ஓரிரு வருடத்தில் கேட்க ஆளில்லை. மடகாஸ்கரில் மறுபடி விளைந்தது ஒரு காரணம். விலை ஏறியதும் கம்பெனிகள் செயற்கை வனிலாவுக்குப் போனது இன்னொரு காரணம். அதைச் செய்யும் வழி 1874லேயே ஜெர்மனியில் கண்டுபிடித்தது.

2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் தொட்டது. எல்லோரும் சந்தோஷப்பட்டோம். எனக்கு வனிலாவும் ஞாபகம் வந்தது.

அடுத்த வாரம் அக்கா ஒரு மசாலா டீத்தூள் பாக்கெட் கொண்டு வந்தார். பட்டியலில் 'கார்டமம்' என்ற ஆங்கில வார்த்தையை அவரே விரல் வைத்துக் காட்டினார். மூன்றாவதாக இருந்தது.